கட்டற்ற கணினியில் ஒலியும் ஒளியும்

நேயர்களுக்கு வணக்கம். லினக்ஸ் போன்ற கட்டற்ற இயங்குதளம் ஒன்றை ஆசையோடு நிறுவி, ஒரு காணொளியைத் திறந்தவுடன், தேவையான கோடெக் (ஒலியையும் காட்சியையும் சுருக்கவும் விரிக்கவும் உதவும் நிரல்) இல்லை என்ற அறிவிப்பு மட்டுமே திரையில் தோன்றிய அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். அந்த இயங்குதளத்தை எழுதியவர்களுக்குத் திறமை போதவில்லை என்று அப்போதே முடிவு கட்டிவிடுகிறோம். அது நியாயமற்ற முடிவு என்பதையே நான் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறேன். நிரல் இருக்கிறது, அதைச் சேர்த்து வழங்கும் உரிமைதான் இல்லை.

ஒலியையும் காட்சியையும் சுருக்கி வைக்கும் முறைகள் பலவற்றுக்குச் சில நாடுகளில் காப்புரிமை உண்டு. உரிமையாளர்கள் பிரதிக்கு இவ்வளவு என்று கட்டணம் கேட்கலாம். யாரும் படியெடுத்து யாருக்கும் கொடுக்கலாம் என்ற உரிமத்தோடு வெளிவரும் மென்பொருளில் பிரதிகளை யார் எண்ணுவது, கட்டணத்தை யார் செலுத்துவது? இதனால்தான் லினக்ஸ் வகைகளில் ஒன்றான ஃபெடோரா, சாதாரண எம்பி3 பாடலை இயக்கும் வசதியைக்கூட 2016 நவம்பர் வரை சேர்க்கவில்லை. எம்பி3 உரிமத் திட்டமே 2017 ஏப்ரலில் முடிவுக்கு வந்தது.

காப்புரிமைக்காவது ஆயுள் உண்டு. டிவிடி பூட்டின் கதை வேறு. அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1999-இல் நார்வேயைச் சேர்ந்த யோன் யோஹான்சன் என்ற பதினைந்து வயதுச் சிறுவர், வேறு சிலரோடு சேர்ந்து, டிவிடியின் மறையாக்கத்தை அவிழ்க்கும் நிரலை வெளியிட்டார். லினக்ஸில் படம் பார்க்க வழியில்லாததே அதற்குக் காரணம் என்றார். அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. காசு கொடுத்து வாங்கிய வட்டைத் தம் கணினியில் பார்ப்பது குற்றமாகாது என்று 2003 ஜனவரியில் ஓஸ்லோ நீதிமன்றம் அவரை விடுவித்தது, மேல்முறையீட்டிலும் அதே ஆண்டு இறுதியில் விடுதலையே கிடைத்தது. ஆனால் அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டுச் சட்டம், பூட்டைத் திறக்கும் கருவியை வழங்குவதையே தடுக்கிறது. அந்தத் தடைக்குக் காலாவதி இல்லை. ஆகையால் இன்றும் டெபியன் என்ற மற்றொரு லினக்ஸ் வகையில், டிவிடி பூட்டைத் திறக்கும் நிரல் நூலகம் இயங்குதளத்தோடு வருவதில்லை. பயனரே மூலநிரலைத் தருவித்து, கணினியில் இயங்கும் வடிவுக்குத் தொகுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மீண்டும் சொல்கிறேன், இதுவும் திறமைக் குறைவால் வந்ததன்று.

நேரம் நெருங்கிவிட்டதால் மாற்று வழிகளைச் சுருக்கமாகவே சொல்ல முடிகிறது. எச்.264 என்ற காட்சிச் சுருக்க முறைக்குச் சிஸ்கோ நிறுவனம் தானே கட்டணம் செலுத்தி, தொகுத்த நிரலை இலவசமாகத் தருகிறது. ஒலிக்கு 2012-இல் தரப்படுத்தப்பட்ட ஓபஸ், காட்சிக்கு 2018-இல் வெளியான ஏவி1 ஆகிய இரண்டும் கட்டணமின்றிப் பயன்படுத்துவதற்கென்றே உருவானவை. நீங்கள் பதிவுசெய்து பிறருக்கு அனுப்புவனவற்றை இவற்றிலேயே சேமிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.