இருட்டில் வாசித்த சொனாட்டா

வணக்கம் நேயர்களே. கல்யாணத்துக்கு என்ன பரிசு கொடுப்பது என்று எல்லோருமே யோசித்திருப்போம். 1886இல் சேசார் ஃப்ராங்க், வயலினும் பியானோவும் சேர்ந்து வாசிக்க சொனாட்டா என்ற நான்கு பகுதி இசைப் படைப்பு ஒன்றையே எழுதிக் கொடுத்தார். பாரிஸ் தேவாலயம் ஒன்றில் ஆர்கன் வாசித்தவர், வயது 63. மாப்பிள்ளை யூஜீன் இசாயி, 28 வயது வயலின் கலைஞர். இரண்டு பேருக்குமே பிறந்த ஊர் பெல்ஜியத்தின் லியேஜ். கல்யாணத்தன்று கைக்கு வந்த பரிசை அன்றைக்கே விருந்தினர் முன் வாசித்துவிட்டார் மாப்பிள்ளை. பியானோவில் லியோன்தீன் போர்த்-பேன் என்ற பெண்மணி.

அதே ஆண்டு டிசம்பர் 16, பிரஸ்ஸல்ஸ். ஓவியக் கூடம் ஒன்றில் கச்சேரி. அதே இருவர். நீண்ட நிகழ்ச்சியில் இந்த சொனாட்டாதான் கடைசி. குளிர்காலம், சீக்கிரமே பொழுது சாய்ந்துவிட்டது. நான்கு பகுதிகளில் முதல் பகுதி முடியும்போதே தாளில் இருக்கும் ஸ்வரம் தெரியவில்லை. படங்கள் மாட்டியிருக்கும் இடம், தீக்குச்சி கூடக் கிழிக்கக் கூடாது. கூட்டமோ எழுந்து போக மறுக்கிறது. இசாயி வில்லால் ஸ்டாண்டைத் தட்டி, “ம், வாசிப்போம்!” என்றாராம். மிச்சம் மூன்று பகுதிகளையும் மனப்பாடமாகவே, இருட்டிலேயே வாசித்தார்கள். ஃப்ராங்கின் மாணவர் வின்சென்ட் டாண்டி என்பவர் இதை எழுதிவைத்திருக்கிறார். யோசித்துப் பாருங்கள், முகம் தெரியாது, விரல் தெரியாது, ஒலி மட்டும்தான். வானொலி கேட்கிற உங்களுக்கு இது புதிதல்ல!

மனப்பாடம் அவர்கள் திறமை, சரி. ஆனால் இந்த சொனாட்டாவே நினைவால் கட்டியது என்பேன். தொடக்கத்தில் பியானோ மெல்ல வழிவிட, வயலின் ஊஞ்சல் போல ஏறி இறங்கும் ஒரு சின்ன மெட்டோடு வரும். அந்த மெட்டின் சாயல் அப்புறம் வரும் பகுதிகளிலும் தலைகாட்டும். புயல் போன்ற இரண்டாம் பகுதியிலும்தான். ஒருமுறை காதில் விழுந்துவிட்டால் போதும், அது திரும்பி வரும்போது நீங்களே கண்டுகொள்வீர்கள். பாடம் எதுவும் வேண்டாம்.

மூன்றாம் பகுதியைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன், நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். நான்காவதை மட்டும் சொல்லிவிடுகிறேன். பியானோ ஒரு மெட்டைத் தொடங்கும். அது முடிவதற்குள், ஒரே ஒரு தாள அளவு பின்னால், வயலின் அதே மெட்டைப் பிடித்துக்கொண்டு வரும். அம்மா பாட்டுச் சொல்லித் தரும்போது குழந்தை பின்னாலேயே சொல்லுமே, அப்படி. கல்யாணப் பரிசு என்பதை மறக்காதீர்கள். இதோ, இசைத்தட்டைப் போடுகிறார்கள். முடிந்தால் விளக்கை அணைத்துவிட்டு, முதலில் பியானோவைக் கேளுங்கள்.