மாமா வீட்டுத் திண்ணை திறந்துவிட்டது

வணக்கம், அன்பு நேயர்களே. எப்போதும் காலை ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலையில் நின்று பேசத் தொடங்குவேன் என்பது உங்களுக்குத் தெரியும். இன்று அங்கே போகவில்லை. புதுச்சேரியின் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, வைசியாள் வீதியிலிருந்து இரண்டு தெரு தள்ளி, எங்கள் மாமா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறேன். பதினெட்டு ஆண்டுகளாக இந்தத் திண்ணையைத் தெருவிலிருந்து மறைத்து நின்ற இரும்புக் கிரில்லை நேற்று மாலை கழற்றிவிட்டோம். நான் வெளியிட்ட திண்ணைத் தொடரைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கிரில் நன்றாகப் பழக்கம்; ஒவ்வொரு முறையும் அதன் கம்பிகளுக்கு நடுவே கேமராவை நுழைத்துத்தான் உள்ளே இருக்கும் தேக்குத் தூண்களை உங்களுக்குக் காட்டியிருக்கிறேன்.

சென்ற வாரக் காணொளிக்குக் கீழே பலர், "வெள்ளை நகரத்தைக் காட்டுங்கள், தமிழர் பகுதியில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்து எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. வாய்க்காலுக்குக் கிழக்கே, பிரெஞ்சுக்காரர்கள் குடியிருந்த பகுதியைத்தான் வெள்ளை நகரம் என்கிறோம். அங்குள்ள மஞ்சள் சுவரும் காகிதப்பூக் கொடியும் அழகுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வீடுகள் உயர்ந்த மதிலுக்கும் பூட்டிய கேட்டுக்கும் பின்னால் இருப்பவை. தெருவில் நடப்பவருக்கு அவை சுவரை மட்டுமே தருகின்றன. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் உள்ள பழைய தமிழ் வீடோ, தன் முதல் ஐந்தடியைத் தெருவுக்கே கொடுத்துவிடுகிறது. வழிப்போக்கர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்குவதற்காக மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுச் சாய்ப்பான தாழ்வாரம், அதை ஒட்டி வந்தவர் உட்காரத் திண்ணை, அதன் பிறகுதான் வாசற்கதவு, அதற்கும் உள்ளே வானம் தெரியும் முற்றம். பக்கத்து வீட்டுத் தாழ்வாரமும் அடுத்த வீட்டுத் தாழ்வாரமும் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும்போது, தெரு முழுவதும் நிழலான ஒரே நடைபாதையாகிறது. ஒரு வீட்டுக்காரர் நடுவில் அதை இடித்தாலும் அடைத்தாலும் நடப்பவர் வெயிலுக்கு இறங்க வேண்டியதுதான். அதனால்தான் ஒரு வீட்டைத் தனியாகப் பழுதுபார்ப்பதைவிட வரிசையை மீட்பதே பெரிய வேலை என்று நான் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறேன்.

வைசியாள் வீதியில் நடந்ததும் அதுதான். கால்வே சுப்பராயச் செட்டியார் வீதி என்ற பெயர்ப்பலகை இருந்தாலும் ஊர்க்காரர்கள் இன்றும் வைசியாள் வீதி என்றே சொல்லும் அந்தத் தெருவில், ஐரோப்பிய, ஆசிய நகரங்களை இணைத்து வேலை செய்யும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா உர்ப்ஸ் திட்டத்தின் கீழ், பிரான்சின் வில்நவ் சுர் லோ, இத்தாலியின் உர்பினோ ஆகிய நகரங்களின் கூட்டுறவோடு 2002 முதல் 2004 வரை வேலை நடந்தது. மரபுரிமைக் கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பினர் ஒரு வீட்டோடு நிறுத்தாமல் வரிசையாக முகப்புகளைச் சீரமைத்தார்கள். தாழ்வாரங்கள் திரும்பி வந்தன. 2008ஆம் ஆண்டில் அந்தத் தெருவுக்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுரிமை விருது கிடைத்தது. ஓர் அரண்மனைக்கோ கோயிலுக்கோ அல்லாமல், மக்கள் குடியிருக்கும் ஒரு தெருவுக்கு அந்த விருது வந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

இப்போது கிரில் கதைக்கு வருகிறேன். மாமாவின் மிதிவண்டி திண்ணையோரத்திலிருந்து திருட்டுப் போன பிறகுதான் அதைப் போட்டார்கள். அவருடைய பயத்தில் நியாயம் இருந்தது. மூன்று மாதங்களாக நான் பேசிப் பார்த்தும் இசையாதவர், வாசற்கதவின் பழைய பித்தளைத் தாழ்ப்பாளை ஆசாரியிடம் கொடுத்துச் சரிசெய்து, அது முழுதாக உள்ளே இறங்குவதைக் காட்டிய அன்றுதான், "சரி, எடுத்துவிடுங்கள்" என்றார். வெட்டி எடுக்க வெல்டிங்காரர் 1,200 ரூபாய் கேட்டார், கொடுத்தோம். அடுத்தது பழைய இரும்பு விற்பனை. முதலில் போன கடையில் கிலோவுக்கு 27 ரூபாய் என்றார்கள், தராசில் 104 கிலோ காட்டியது, ஆக 2,808 ரூபாய். கிரில்லைத் தூக்கியவர்களின் தோளைப் பார்த்தவன் நான், அந்த எடையை நம்ப முடியவில்லை. மீண்டும் மீன்பாடி வண்டியில் ஏற்றி அடுத்த கடைக்குக் கொண்டுபோனோம். அங்கே 118 கிலோ, கிலோவுக்கு 31 ரூபாய், மொத்தம் 3,658 ரூபாய். ஒரே இரும்புக்கு 850 ரூபாய் வித்தியாசம், நேயர்களே! வண்டிக்கூலி 300 போக, வெல்டிங் கூலியும் போக, கையில் நின்ற 2,158 ரூபாயை மாமா என்னிடமே கொடுத்து, "சுண்ணாம்பு வாங்கிக்கொள்" என்றார். இந்த ஆண்டில் எனக்குக் கிடைத்த மிகப்பெரிய மகிழ்ச்சி அந்தச் சொல்தான்.

ஒன்றைச் சொல்லாமல் வந்துவிட்டேன். கிரில்லை மாட்டுவதற்காகத் தூணில் நான்கு இடங்களில் துளை போட்டிருந்தார்கள். கேமராவை அருகில் கொண்டுவருகிறேன், பாருங்கள். இடுப்பு உயரத்தில் மரம் வழவழவென்று கறுத்திருக்கிறது. திண்ணையில் ஏறியவர்கள் எல்லாரும் கைவைத்துத் தேய்ந்த இடம் அது. அதற்கு நான்கு விரற்கடை மேலே, துருப்பிடித்து விளிம்பு சிதைந்த துளை. உள்ளே சிமெண்டை அடைத்திருந்தார்கள். ஆசாரி அதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பழைய தேக்கிலேயே துளையை அடைக்கும் முளை ஒன்றைச் செதுக்கி இறக்கியிருக்கிறார். மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே முளையின் ரேகையும் ஓடுகிறது என்பதைக் கவனியுங்கள்.

சிமெண்டு என்றதும் என் குரல் மாறும் என்று நீங்களே எழுதுவீர்கள், மாறத்தான் செய்யும். கடற்காற்றில் உப்பு வரும் ஊர் இது. சுண்ணாம்புக் காரை பூசிய செங்கல் சுவர் ஈரத்தை வாங்கினாலும் மெல்ல வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்பு பூத்து, செங்கல்லே பொடிந்து உதிரும். இந்தத் திண்ணையின் இடது ஓரத்தில் அதுதான் நேர்ந்திருக்கிறது. விரலை வைத்தால் மாவாகக் கொட்டுகிறது. கிரில் விற்ற பணத்தில் வாங்கிய சுண்ணாம்பை நீற்றித் தொட்டியில் ஊறவைத்திருக்கிறோம், காரையில் சேர்ப்பதற்கான கடுக்காயும் வெல்லமும் தனியே ஊறுகின்றன.

இன்னொன்றும் விட்டுப்போயிற்று. மாமா வீட்டின் மாடியை நான் காட்டவே இல்லை. கீழே முழுக்கத் தமிழ் வீடு. மேலே வளைந்த தலைப்புடைய சன்னல்கள், காரையில் எழுப்பிய அரைத்தூண்கள், கைப்பிடிச் சுவரில் சிறு தூண் வரிசை என்று பிரெஞ்சு முகம். இந்த இரட்டை முகத்துக்குப் பெரிய எடுத்துக்காட்டு ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகை. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் வணிக முகவருமாக இருந்து, 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதியவர் அவர். அவர் இறந்த அதே 1761இல்தான் ஆங்கிலேயர் இந்த நகரத்தை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1693 முதல் 1699 வரை ஊரைப் பிடித்து வைத்திருந்த டச்சுக்காரர்கள் வகுத்த நேர்த்தெருக்களின் மீதே வீடுகள் மறுபடியும் எழுந்தன. இடிந்து மீள்வது இந்த ஊருக்குப் புதிதல்ல.

பழைய வீடுகள் விடுதிகளாக மாறுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவ்வாறு மாறியதால் பிழைத்த வீடுகள் உண்டு, அதற்கு நன்றி சொல்கிறேன். இருந்தும் அந்தத் திண்ணைகளில் உட்காரப் பணம் கட்டித் தங்க வேண்டியிருப்பதால், குடும்பம் வாழும் வீட்டையே நான் எப்போதும் விரும்புவேன்.

இன்று காலை நான் கேமராவை நிறுத்திக்கொண்டிருந்தபோது, நாள்தோறும் எதிர்ச்சாரி வெயிலில் நடந்து போகும் பூக்கார அம்மா இந்தப் பக்கம் ஏறிக் கூடையைத் திண்ணையில் இறக்கிவைத்தார். உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த அத்தை, "இரு, தண்ணீர் கொண்டுவருகிறேன்" என்றார். இப்போது என் பக்கத்தில் இருப்பது அவருடைய கூடைதான். ஞாயிற்றுக்கிழமை இடது ஓரத்துச் சிமெண்டைக் கொத்தி எடுக்கிறோம். கொத்தனார் காலை ஏழு மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார், நானும் இங்கேயே இருப்பேன்.