இடுப்புக்கு மேலே மட்டும்

எல்லாருக்கும் வணக்கம். வடசென்னையில் நின்றுகொண்டு மல்யுத்தம் பேசுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கன் பரம்பரை என்று குத்துச்சண்டையில் ஊறிய இடம் இது. குஸ்தி என்றால் இங்கே பெரியவர்களுக்கு கிங்காங்கும் தாராசிங்கும் ஞாபகம் வரும், பசங்களுக்கு டிவியில் நாற்காலியைத் தூக்கி மண்டையில் போடுகிற சமாச்சாரம் ஞாபகம் வரும். நான் பேச வந்தது ரெண்டும் இல்லை. ஒலிம்பிக்கில் கிரேக்க-ரோமன் என்று ஒரு பிரிவு நடக்கிறதே, நம் பத்திரிகைகளில் கடைசிப் பக்கத்தில்கூட இடம் கிடைக்காதே, அதைப் பற்றி.

முதலில் விதி. ரொம்பச் சின்னது. இடுப்புக்குக் கீழே பிடிக்கக் கூடாது. காலால் இடறவும் கூடாது, காலால் பின்னவும் கூடாது. சுஷில்குமார், சாக்ஷி மாலிக், பஜ்ரங் புனியா, இன்னும் பின்னால் போனால் 1952-ல் ஹெல்சிங்கியில் வெண்கலம் வாங்கிய ஜாதவ், இவர்கள் எல்லாரும் ஃப்ரீஸ்டைல். அங்கே எதிராளியின் காலைத் தாவிப் பிடிப்பதுதான் பாதி ஆட்டம். கிரேக்க-ரோமனில் அந்தப் பாதியை வெட்டி எடுத்துவிட்டார்கள். அந்தப் பிரிவில் இந்தியாவுக்கு இன்றுவரை ஒலிம்பிக் பதக்கம் ஒன்றுகூடக் கிடையாது.

பெயரைப் பார்த்து இது சாக்ரடீஸ் காலத்து ஆட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். 19-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் உருவானது. நெப்போலியன் படையில் இருந்த எக்ஸ்ப்ராயா என்பவர்தான் இடுப்புக்குக் கீழே பிடிக்கக் கூடாது என்று வைத்தார் என்பார்கள். பழைய காலத்து மல்லர்கள் பலரும் காலைச் சும்மா வைத்திருக்கவில்லை, நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். புறநானூற்றில் 80-ஆம் பாட்டு, சாத்தந்தையார் பாடியது, போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை மடக்குகிற காட்சி. ஒரு கால் மல்லனின் மார்பில், இன்னொரு கால் அவன் முதுகுப் பக்கம். நேரில் நின்று பார்த்த ஆள் சொல்கிற மாதிரி இருக்கும். கிரேக்க-ரோமன் நடுவர் அங்கே இருந்திருந்தால் விசில் அடித்து சோழனை எழுப்பி நிறுத்தியிருப்பார்.

சரி, காலை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? ரெண்டு பேரும் நெஞ்சோடு நெஞ்சு முட்டிக்கொண்டு நிற்பார்கள். கை மட்டும் வேலை செய்யும். அக்குளுக்கு அடியில் கையைக் கொடுத்து எதிராளியின் முதுகைச் சுற்ற வேண்டும், அவன் அதை அடைக்க வேண்டும். இதில் எடைப்பிரிவு என்று இன்னொன்றையும் சேர்த்து, ஒரே எடையுள்ள ரெண்டு பேரை, ஒரே அளவு பலமுள்ள ரெண்டு பேரை நிறுத்தினால் ஆட்டம் அப்படியே உறைந்துவிடும். என்னைக் கேட்டால் இந்த விளையாட்டின் நூறு வருடத்துக்கு மேற்பட்ட சரித்திரமே இந்த உறைந்த ஆட்டத்தை எப்படி உடைப்பது என்று அதிகாரிகள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்ட கதைதான். யார் ஜெயித்தார், யார் தோற்றார் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

எடைப்பிரிவு இல்லாமலும் நடந்திருக்கிறது. 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் மல்யுத்தத்தில் ஒரே ஒரு போட்டி, யார் வேண்டுமானாலும் யாரோடும் மோதலாம். ஜெயித்தவர் கார்ல் ஷூமன், ஜெர்மனிக்காரர், குள்ளமான ஆள், அடிப்படையில் ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர். தன்னைவிட எவ்வளவோ பெரிய எலியட் என்ற பளுதூக்கும் வீரரை முதலில் சாய்த்தார். இறுதிப் போட்டியில் ட்ஸிடாஸ் என்ற கிரேக்கரோடு மோதும்போது இருட்டிவிட்டது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நிறுத்தி மறுநாள் காலையில் தொடர்ந்தார்கள். இருட்டினால் கடையைக் கட்டுகிற ஒலிம்பிக்!

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்த போட்டிக்கு வருகிறேன். 1912, ஸ்டாக்ஹோம், 75 கிலோ பிரிவு. அன்றைய முறைப்படி ஒரு தோல்விக்கு ஆள் வெளியே போக மாட்டார், ரெண்டு தோல்வி வேண்டும். அப்படிக் கழித்துக் கழித்துக் கடைசியில் மூன்று பேர் மிஞ்சினார்கள். ஸ்வீடனின் கிளாஸ் யோஹான்சன், பின்லாந்தின் ஆல்ஃபிரட் அசிகைனன், அப்புறம் மார்ட்டின் க்ளைன். இந்த க்ளைன் எஸ்டோனியாக்காரர், ஆனால் அந்த நாடு அப்போது ஜார் மன்னரின் ஆட்சியில் இருந்ததால் ரஷ்ய அணியில் வந்தவர். பின்லாந்தும் அதே ஜாரின் கீழேதான் இருந்தது, ஆனாலும் தனி அணியாக வந்திருந்தது. ஆக, பின்லாந்து ஆள் ரஷ்ய அணி ஆளோடு மோதினால் அங்கே பார்க்கிறவர்களுக்கு அது வெறும் விளையாட்டாக இருந்திருக்காது. அதை விட்டுவிடுவோம், ஆட்டத்துக்கு வருவோம்.

க்ளைனும் அசிகைனனும் மோதினார்கள். திறந்தவெளி மைதானம், மேலே வெயில். எதிராளியின் ரெண்டு தோள்பட்டையும் தரையில் பட வேண்டும், அதுதான் வெற்றி. அரைமணி நேரத்துக்கு ஒருதரம் கொஞ்சம் ஓய்வு, தண்ணீர், திரும்ப உள்ளே. ஒருவரை ஒருவர் தூக்க முடியவில்லை, புரட்டவும் முடியவில்லை. மணி போய்க்கொண்டே இருக்கிறது. 11 மணி 40 நிமிடம். எழும்பூரில் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினால் திருநெல்வேலி ஸ்டேஷனில் இறங்கி டீ குடிக்கிற நேரம் ஆகிவிடும், அவ்வளவு நேரம் ரெண்டு பேர் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் க்ளைன் ஜெயித்தார்.

ஜெயித்து என்ன, யோஹான்சனோடு மோதுவதற்கு அவரிடம் ஒன்றும் மிச்சம் இல்லை. தங்கத்துக்கான ஆட்டத்துக்கு அவர் இறங்கவே இல்லை. யோஹான்சனுக்குத் தங்கம், க்ளைனுக்கு வெள்ளி, அசிகைனனுக்கு வெண்கலம். இதைத்தான் நான் கூர்ந்து பார்க்கச் சொல்கிறேன். பலரும் இதை விடாமுயற்சிக் கதையாகச் சொல்வார்கள், ஊக்கப் பேச்சாளர்களுக்கு அல்வா மாதிரி விஷயம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நல்ல வீரர் ஒருவரை ஒரு மோசமான விதி தின்றுவிட்ட கதை இது.

சந்தேகம் இருந்தால் அதே ஸ்டாக்ஹோமில் 82.5 கிலோ இறுதியைப் பாருங்கள். ஸ்வீடனின் ஆல்கிரென், பின்லாந்தின் பூலிங். 9 மணி நேரம். யாரும் விழவில்லை. நடுவர்களுக்கே போதும் என்றாகி நிறுத்திவிட்டார்கள். யாரும் ஜெயிக்காதபோது தங்கம் எப்படிக் கொடுப்பது? கொடுக்கவில்லை. ரெண்டு பேருக்கும் வெள்ளி. ஹங்கேரியின் வர்காவுக்கு வெண்கலம். தங்கமே இல்லாத ஒரு பதக்கப் பட்டியல், இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது.

பின்னால் நேரக் கட்டுப்பாடு வந்தது, புள்ளி வந்தது. வந்ததும் வேறு நோய் பிடித்தது. ஒரு புள்ளி முன்னே போனவன் மிச்ச நேரம் முழுக்க வேலி கட்டிக்கொண்டு நிற்பான். அதை உடைக்க அடுத்த மருந்து, அதற்கு அடுத்த பக்கவிளைவு. 2000-ல் ஒரு மருந்து கண்டுபிடித்தார்கள்: முதல் பாதியில் யாரும் புள்ளி எடுக்காவிட்டால் ரெண்டு பேரும் கட்டிப் பிடித்த நிலையில் இரண்டாம் பாதியைத் தொடங்க வேண்டும், யார் கைப்பூட்டு முதலில் விடுபடுகிறதோ எதிராளிக்கு ஒரு புள்ளி.

அந்த விதியில் மாட்டியவர் யார் தெரியுமா? அலெக்சாண்டர் கரேலின். சைபீரியாக்காரர், 130 கிலோ, 1988, 1992, 1996 மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம், 13 வருடமாகத் தோல்வியே கிடையாது. குப்புறப் படுத்து தரையோடு ஒட்டிக்கொள்ளும் எதிராளியைத் தலைகீழாக இடுப்பில் அணைத்து, அப்படியே பெயர்த்து எடுத்து, பின்பக்கமாக வீசுவார். சின்ன எடைக்காரர்கள் செய்கிற வித்தை அது. 130 கிலோ ஆளை அப்படித் தூக்க முடியும் என்று அதுவரை யாரும் நினைக்கவில்லை. அவர் கை இடுப்பைச் சுற்றுகிறது என்று தெரிந்தால் எதிரே இருக்கிறவர்கள் தாங்களாகவே மல்லாந்து தோற்றுவிடுவதும் உண்டு, எலும்பு மிஞ்சுமே.

2000 செப்டம்பர் 27, சிட்னி. எதிரே ரூலான் கார்ட்னர், அமெரிக்காவில் மாட்டுப்பண்ணையில் வளர்ந்தவர், 1997-ல் இதே கரேலினிடம் 0-5 என்று தோற்றவர். முதல் பாதி 0-0. இரண்டாம் பாதியில் கட்டிப் பிடிக்கும் நிலை. கரேலினின் கைப்பூட்டு ஒரு கணம் விடுபட்டது. வீடியோவைப் பார்த்துத்தான் புள்ளியே கொடுத்தார்கள். மிச்ச நேரம் முழுக்க, அப்புறம் கூடுதலாகக் கொடுத்த மூன்று நிமிடமும், கார்ட்னர் சாய்ந்து, இழுத்து, முட்டி, அந்த ஒரு புள்ளியைக் காப்பாற்றினார். கரேலின் ஒருதரம்கூடத் தூக்க முடியவில்லை. 1-0. கார்ட்னரை நான் குறைத்துச் சொல்லவில்லை, ஒன்பது நிமிடம் கரேலினைத் தரையை விட்டுத் தூக்கவிடாமல் நிற்பது லேசில்லை. ஆனால் உலகத்திலேயே சிறந்த தூக்கலுக்குச் சொந்தக்காரர், ஒரு தூக்கலும் நடக்காத ஆட்டத்தில் விரல் நழுவித் தோற்றார் என்பதும் உண்மை.

2013-ல் இந்தச் சலிப்புக்கு மொத்தமாக விலை கொடுக்க வேண்டி வந்தது. ஒலிம்பிக் செயற்குழு 2020 பட்டியலில் இருந்து மல்யுத்தத்தையே எடுத்துவிடலாம் என்றது. அலறிப் புடைத்துக்கொண்டு விதிகளை மாற்றினார்கள், செப்டம்பரில் திரும்ப உள்ளே வந்தார்கள். இப்போது மூன்று நிமிடம் ரெண்டு சுற்று, நடுவே 30 விநாடி ஓய்வு. 8 புள்ளி வித்தியாசம் வந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. சும்மா முட்டிக்கொண்டு நிற்கிறவரை நடுவர் பாசிவ் என்று அறிவிப்பார், எதிராளிக்கு ஒரு புள்ளி, அதோடு அந்தச் சும்மா நின்றவரைக் குப்புறப் படுக்கவைத்து மேலே ஏறிப் பிடிக்கிற வாய்ப்பும் கிடைக்கும். படுத்தவரை இடுப்பைக் கட்டி உருட்டினால் ஒவ்வொரு உருட்டலுக்கும் ரெண்டு புள்ளி. பார்த்தால் சப்பாத்தி மாவு உருட்டுகிற வேலை மாதிரி இருக்கும் என்று சிரிக்காதீர்கள், பெரும்பாலான தங்கம் அங்கேதான் முடிவாகிறது.

இந்த மாற்றம் எல்லாவற்றிலும் புகுந்து வெளியே வந்தவர் ஒருவர்தான். கியூபாவின் மிஹைன் லோபஸ். 2004-ல் ஏதென்ஸில் பரோயெவ் என்ற ரஷ்யரிடம் தோற்றார், 2008 பெய்ஜிங்கில் அதே பரோயெவை இறுதியில் சாய்த்து முதல் தங்கம். அப்புறம் லண்டன், ரியோ, டோக்கியோ. டோக்கியோவில் யாரும் அவர் மேல் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. மூன்று வருடம் போட்டிகளுக்கே வராமல் இருந்துவிட்டு 2024-ல் பாரிஸுக்கு 41 வயதில் வந்தார். காலிறுதியில் இரானின் மிர்சாசாதே, 3-1. இறுதியில் யாஸ்மானி அகோஸ்டா, சிலி நாட்டுக்காக ஆடுகிறவர், ஆனால் பிறந்தது கியூபாவில், ஒரு காலத்தில் லோபஸோடு சேர்ந்து பயிற்சி எடுத்தவர். 6-0. ஒரே தனிநபர் போட்டியில் தொடர்ந்து ஐந்து ஒலிம்பிக் தங்கம், எந்த விளையாட்டிலும் வேறு யாரும் செய்யாதது. ஷூவைக் கழற்றி மேட் நடுவில் வைத்துவிட்டுப் போனார், ஓய்வு பெறுகிற மல்லர் செய்கிற வழக்கம் அது.

நான் மிர்சாசாதேயைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. லோபஸிடம் தோற்ற அவர் வெண்கலத்தோடு ஊருக்குப் போனார். ரெப்பஷாஜ் என்ற ஏற்பாடு. ஒரு பிரிவில் 16 பேர், முதல் நாள் அரையிறுதி வரை, இரண்டாம் நாள் பதக்க ஆட்டங்கள். இறுதிக்குப் போகிற ரெண்டு பேரிடமும் தோற்றவர்களுக்கு மட்டும் இன்னொரு வாய்ப்பு உண்டு, ரெண்டு வெண்கலம் அப்படித்தான் வருகிறது. ஆகவே காலையில் உங்களைத் தரையில் போட்டு உருட்டியவன் சாயங்காலம் ஜெயிக்க வேண்டும் என்று நீங்களே வேண்டிக்கொள்ள வேண்டும். அவன் அரையிறுதியில் தோற்றால் உங்கள் பெட்டியையும் கட்டிக்கொள்ளலாம். இதைவிடக் கொடுமையான வேண்டுதல் விளையாட்டில் உண்டா? ரெண்டு நாளும் காலையில் எடை பார்ப்பார்கள், வினேஷ் போகத்தின் 100 கிராம் கதை ஃப்ரீஸ்டைலில் நடந்தது, உங்களுக்கே தெரியும், இங்கேயும் அதே தராசுதான்.

நம் ஆட்கள்? 2010 டெல்லி காமன்வெல்த்தில் கிரேக்க-ரோமனில் நான்கு தங்கம் எடுத்தோம். அதற்குப் பிறகு வந்த காமன்வெல்த் போட்டிகளில் இந்தப் பிரிவையே வைக்கவில்லை, அது நம் அதிர்ஷ்டம். 87 கிலோவில் சுனில் குமார் 2020-ல் ஆசிய சாம்பியன், கிரேக்க-ரோமனில் அந்தத் தங்கம் நமக்கு 27 வருடம் கழித்து வந்தது. 2023-ல் ஹாங்சோ ஆசியப் போட்டியில் அவரே கிர்கிஸ்தான் வீரரை 2-1 என்று வென்று வெண்கலம் எடுத்தார், 2010-க்குப் பிறகு இந்தப் பிரிவில் நமக்குக் கிடைத்த முதல் ஆசியப் போட்டிப் பதக்கம். 2-1 என்ற அந்தக் கணக்கைப் பாருங்கள். ஆறு நிமிடத்தில் ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்தது மூன்றே புள்ளி. வாள்வீச்சு என்று ஒன்று இருப்பதே நம் ஊர்ப் பெண் பவானி தேவி டோக்கியோ போன பிறகுதான் சென்னையில் பலருக்குத் தெரிந்தது, இதற்கும் அப்படி ஒருவர் வந்தால் உண்டு.

பின் வரிசையில் ஒரு தம்பி கை தூக்குகிறார். கேளுங்கள் தம்பி. 1912 ஆட்டம் இன்றைக்கு நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்கிறார். நல்ல கேள்வி. இரண்டாவது நிமிடத்திலேயே நடுவர் யாராவது ஒருவரை பாசிவ் என்றிருப்பார், ஒரு புள்ளி. இரண்டாம் பாதியில் மற்றவரை, இன்னொரு புள்ளி. உருட்ட முடியவில்லை என்றால் 1-1. சமமாக நின்றால் பெரிய பிடி யாருடையது என்று பார்ப்பார்கள், எச்சரிக்கை யாருக்குக் குறைவு என்று பார்ப்பார்கள், அதிலும் சமம் என்றால் கடைசிப் புள்ளி யாருடையதோ அவர் ஜெயித்தார். ஆறு நிமிடத்தில் முடிந்திருக்கும். அதில் அசிகைனன்கூட ஜெயித்திருக்கலாம், சொல்ல முடியாது. க்ளைன் ஜெயித்திருந்தால் யோஹான்சனோடு மோத அவர் உடம்பில் தெம்பு இருந்திருக்கும். அதிலும் ஜெயித்துத் தங்கம் வாங்கியிருப்பாரா என்று மட்டும் கேட்காதீர்கள். யோஹான்சன் லேசுப்பட்ட ஆள் இல்லை, எட்டு வருடம் கழித்து ஆன்ட்வெர்ப்பில் மேல் எடைப்பிரிவுக்குப் போய் அங்கேயும் தங்கம் வாங்கியவர்.