நிழற்குடையில் எழுதிய பேரைத் தாண்டி: ஒரு கிராமத்து எம்.எல்.ஏ.வை எடைபோடுவது எப்படி?

[காட்சி: ஊர் விலக்கு. மதிய வெயில். ஆள் இல்லாத பயணியர் நிழற்குடை.]

எங்க ஊர் விலக்குல ஒரு நிழற்குடை இருக்கு. மேற்கே பார்த்த கட்டடம். ரெண்டு மணிக்கு மேல வெயில் நேரா உள்ளே இறங்கும். சனமெல்லாம் எதிர்ல புளியமரத்தடியில நிக்கும், பஸ் வந்ததும் ரோட்டைக் கடந்து ஓடிவரும். நிழற்குடை நெத்தியில எம்.எல்.ஏ. பேரு முழ உயரத்துக்கு எழுதியிருக்கு. "அஞ்சு வருஷத்துல அவர் என்ன செஞ்சாரு?"ன்னு கேட்டா, ஊர்ல பாதிப் பேர் கை காட்டுறது அந்த எழுத்தைத்தான்.

அந்தக் காசு எங்கேயிருந்து வந்துச்சுன்னு முதல்ல பார்ப்போம்.

[திரையில்: சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டுத் திட்டம். 3 கோடி × 234 தொகுதி = 702 கோடி]

இது 2022-23-ஆம் வருஷக் கணக்கு. ஆளுங்கட்சியோ எதிர்க்கட்சியோ, எல்லாத் தொகுதிக்கும் ஒரே தொகை. எம்.எல்.ஏ. இன்ன வேலை வேணும்னு பரிந்துரை பண்ணுவார். அனுமதி குடுக்கிறது கலெக்டர். கிராமப்புறத்துல பெரும்பாலும் வேலையை நடத்துறது ஊராட்சி ஒன்றிய அலுவலகம். எம்.எல்.ஏ.வோட சொந்தக் காசு இதுல ஒத்தை ரூபாய் கிடையாது. தொகுதியில ரெண்டரை லட்சம் ஓட்டுன்னு வச்சுக்கிட்டா, ஒரு ஓட்டுக்கு வருஷத்துக்கு 120 ரூபாய் வருது.

அப்போ நிழற்குடை கட்டினதுக்காக நான் மார்க் போட மாட்டேன். எதை, எங்கே கட்டச் சொன்னார்ங்கிறதுக்குத்தான் மார்க். அவர் பரிந்துரை பண்ணின வேலைகளோட அஞ்சு வருஷப் பட்டியலை எடுத்து வச்சுக்கிட்டு ஊர் ஊரா எண்ணிப் பாருங்க. மெயின் ரோட்டு ஊர்களுக்கு எத்தனை, உள்ளே தள்ளி இருக்கிற குக்கிராமத்துக்கு எத்தனை? ஊர்த் தெருவுக்கு எத்தனை, காலனிக்கு எத்தனை? உயர்கோபுர விளக்கு எத்தனை, பள்ளிக்கூடத்துல பொம்பளைப் பிள்ளைங்களுக்குக் கழிப்பறை எத்தனை? அவர் மனசு யார் பக்கம் இருந்துச்சுன்னு அந்தப் பட்டியலே சொல்லிடும்.

இன்னொரு பக்கமும் நியாயமா நடந்துக்கணும். தெருவிளக்கு எரியலையா? அது ஊராட்சி வேலை. சாக்கடை அள்ளலையா? அதுவும் ஊராட்சிதான். ரோட்டுலயே ஊராட்சி ரோடு, ஒன்றிய ரோடு, நெடுஞ்சாலைத் துறை ரோடுன்னு வேற வேற ஆள் இருக்காங்க. எல்லாக் குழிக்கும் எம்.எல்.ஏ.வைத் திட்டினா, அவர் உண்மையிலேயே பதில் சொல்ல வேண்டிய இடத்துல கேள்வி கேட்க நமக்குத் தெம்பு இருக்காது.

அந்த இடம் எது?

[காட்சி: சென்னை புனித ஜார்ஜ் கோட்டை, சட்டமன்றம்]

நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளி ஆக்கணும், ஆத்துல தடுப்பணை வேணும், ஆரம்ப சுகாதார நிலையத்தைத் தரம் உயர்த்தணும். இதெல்லாம் 3 கோடியில முடியாது. துறை ஒத்துக்கணும், அமைச்சர் சொல்லணும். அமைச்சரை எழுப்பி நிக்க வச்சுப் பதில் வாங்குற உரிமை, நம்ம தொகுதி சார்பா அந்த ஒருத்தருக்குத்தான் இருக்கு. கேள்வி நேரம், அவசரப் பிரச்சனையை எழுப்புற கவன ஈர்ப்பு, துறைகளுக்குப் பணம் ஒதுக்குற மானியக் கோரிக்கை விவாதம்னு அதுக்கு வழிகளும் இருக்கு. கேட்டாரா? எத்தனை தடவை கேட்டார்? எதைப் பத்திக் கேட்டார்?

கேட்டதோட முடிஞ்சுதான்னும் பார்க்கணும். "அரசு பரிசீலிக்கும்", "நிதிநிலைக்கு ஏற்ப ஆவன செய்யப்படும்"னு பதில் வரும். அந்த வீடியோ அன்னிக்கு ராத்திரியே வாட்ஸ்அப்ல சுத்தும். எனக்கு வேண்டியது அதுக்கு அடுத்த வருஷம். அதே பள்ளிக்கூடத்தைப் பத்தி மறுபடியும் எழுந்தாரா? பேரவையில அமைச்சர் குடுத்த வாக்குறுதி என்ன ஆச்சுன்னு பார்க்கவே அரசு உறுதிமொழிக் குழுன்னு ஒண்ணு இருக்கு. அங்கே கொண்டு போனாரா? எதிர்க்கட்சி எம்.எல்.ஏ.வுக்குத் துறைகள்ல வேலை நடக்கிறது கஷ்டம், ஒத்துக்கிறேன். ஆனா கேக்குறதுக்கு அவருக்கு எந்தத் தடையும் இல்லை.

[திரையில்: 1924]

இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டசபையில நியமன உறுப்பினரா இருந்தவர். பொதுத் தெரு, பொதுக் கிணறு, குளம் எல்லாம் தாழ்த்தப்பட்ட மக்கள் உட்பட யாரும் புழங்கலாம்னு 1924-ல தீர்மானம் கொண்டுவந்தார், அது நிறைவேறுச்சு. தொகுதி நிதி ஒரு காசு இல்லாத காலம் அது. நூறு வருஷம் தாண்டியும் அதைப் பேசிக்கிட்டு இருக்கோம். எம்.எல்.ஏ. சட்டம் பண்ணப் போற ஆளுங்கிறதையே நாம மறந்துட்டோம். கல்யாணத்துக்கு வந்தாரா, காதுகுத்துக்கு வந்தாரா, எழவுக்கு மாலை போட்டாரான்னு எண்ணுறோம். துக்கத்துக்கு வர்றது நல்ல மனுஷத்தனம், அதை நான் குறைச்சுப் பேசலை. ஆனா அதை அவர் பேரவைக் கணக்குல எழுத முடியாது.

சொத்துக் கணக்கும் பாருங்க. வேட்புமனுவோட குடுக்கிற பிரமாணப் பத்திரம், படிவம் 26, தேர்தல் ஆணைய இணையதளத்துல கிடைக்கும். ரெண்டாவது தடவை நிக்கிறவர்னா பழசையும் புதுசையும் பக்கத்துல வச்சு ஒப்பிடுங்க.

மத்ததுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. வெள்ளைத் தாள்ல மனு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். 30 நாள்ல பதில் தரணும்.

[திரையில்: மனுவின் வாசகம்]

ஒரு மனு மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையின் பொதுத் தகவல் அலுவலருக்கு: "எங்கள் தொகுதியில் கடந்த ஐந்து ஆண்டுகளில் சட்டமன்ற உறுப்பினர் பரிந்துரைத்த பணிகள், நடைபெற்ற ஊர், மதிப்பீட்டுத் தொகை, முடிந்த தேதி ஆகியவற்றின் பட்டியல் நகல் வழங்கவும்."

இன்னொண்ணு சட்டமன்றப் பேரவைச் செயலகத்துக்கு: "எங்கள் தொகுதி உறுப்பினர் வருகை தந்த நாட்கள், அவர் அளித்த வினாக்கள், அவற்றுக்கு அமைச்சர்கள் அளித்த பதில்கள் ஆகியவற்றின் நகல் வழங்கவும்."

ரெண்டையும் பதிவுத் தபால்ல அனுப்பி, ரசீதைப் பத்திரமா வச்சுக்கங்க. 30 நாள்ல பதில் வரலைன்னா மேல்முறையீட்டுக்கு அந்த ரசீது வேணும்.