தகடூர் ஔவையும் கொடுமுடி சுந்தராம்பாளும்

(தருமபுரியில் நடைபெற்ற இலக்கியக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, திரளாக வந்திருக்கும் தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

நம் மாவட்டத்துப் பள்ளி விழாக்களில் ஔவையார் வேடம் இல்லாத மேடை அரிது. ஏழு வயதுச் சிறுமியின் தலையில் வெள்ளை முடி, நெற்றியில் பட்டையாகத் திருநீறு, கையில் ஒரு கோல். இந்த உருவம் புறநானூற்றிலிருந்து வந்ததன்று. 1953ஆம் ஆண்டு ஜெமினி நிறுவனத்தார் வெளியிட்ட ‘ஔவையார்’ படத்தில் கே. பி. சுந்தராம்பாள் ஏற்ற உருவமே தமிழர் மனத்தில் ஔவையாக நிலைத்துவிட்டது. அதியமான் நெடுமானஞ்சி ஆண்ட தகடூர் இந்தத் தருமபுரி. அவன் கையால் நெல்லிக்கனி பெற்ற புலவருக்குத் தன் முகத்தைத் தந்த நடிகையின் வாழ்க்கையைப் பேசும் கடமை வேறு எந்த ஊரைக் காட்டிலும் நமக்கு மிகுதியாக உண்டு என்று நான் கருதுகிறேன்.

சுந்தராம்பாள் 1908இல் காவிரிக்கரைக் கொடுமுடியில் பிறந்தார். தந்தையின் ஆதரவு இல்லாத குடும்பம், வறுமை. ரயிலில் பாடிய சிறுமியின் குரல் நாடகத்தோடு தொடர்புடையவர்களின் காதில் விழ, வேலு நாயர் நாடகக் குழுவில் அவருக்கு இடம் கிடைத்தது. ‘நல்லதங்காள்’ நாடகத்தில் பசியால் துடிக்கும் பிள்ளையாக அவர் மேடையேறினார். பசியை வேறு எவரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் அந்தப் பிள்ளை இல்லை. ஆண்பிள்ளை வேடம், பெண் வேடம் என்ற வேறுபாடில்லாமல் இரண்டையும் ஏற்றுப் பழகினார். பென்னாகரம் பக்கத்துக் கூத்துகளில் ஆண்களே திரௌபதியாக ஆடக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். பெண்ணொருத்தி ராஜபார்ட் என்னும் ஆண் நாயக வேடம் கட்டி நின்று சபையை ஆண்டாள் என்பதன் வியப்பை நம்மால் எளிதில் உணர முடியும்.

அக்காலத்து ஸ்பெஷல் நாடகம் எத்தகையது என்பதை இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டும். வெவ்வேறு ஊர்களிலிருந்து தனித்தனியே அமர்த்தப்பட்ட நடிகர்கள் ஒரே மேடையில் கூடி, ஒத்திகை ஏதுமின்றி, நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்துத் தந்த பாட்டையும் வசனத்தையும் அடித்தளமாகக் கொண்டு இரவு முழுவதும் நடிப்பார்கள். ஒலிபெருக்கி கிடையாது. ஆர்மோனியத்துக்கு மேலே எழுந்து, கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவனையும் எட்டும் குரல் உடையவரே நிலைத்தார். எதிரே நிற்பவர் பாட்டிலேயே மடக்கிக் கேள்வி கேட்டால் பாட்டிலேயே விடையிறுக்க வேண்டும். இந்தப் பயிற்சிதான் சுந்தராம்பாளின் பள்ளிக்கூடமும் பல்கலைக்கழகமும்.

1926இல் கொழும்பில் அவர் புகழோடு நடித்துக்கொண்டிருந்தபோது செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா அங்கு வந்து சேர்ந்தார். எட்டாத உச்சத்தில் நின்று இசைப்பவர் என்று பெயர் பெற்றவர் அவர். இருவரும் வள்ளியும் வேலனுமாகப் பாடி நடித்ததைக் காண மக்கள் திரண்டார்கள். மறு ஆண்டே அவர்கள் மணம் செய்துகொண்டார்கள். கிட்டப்பாவுக்கு முன்னரே ஒரு மனைவி இருந்தார், சாதியும் வேறு. அந்த இல்வாழ்க்கை அமைதியாகச் செல்லவில்லை. சுந்தராம்பாள் அவருக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் அச்சேறியுள்ளன. அவற்றைப் படித்தவர்களுக்கு, கெஞ்சவும் சினக்கவும் நியாயம் கேட்கவும் தெரிந்த ஓர் இளம்பெண் கண்முன் வருவாள். நாம் வணங்கும் மூதாட்டியின் சாயல் அவளிடம் துளியும் இல்லை.

1933 டிசம்பரில் கிட்டப்பா மறைந்தார். சுந்தராம்பாளுக்கு அப்போது வயது 25. அன்று உடுத்திய வெள்ளாடையை அவர் வாழ்நாள் முழுவதும் மாற்றவில்லை. இனி எந்த ஆணுக்கும் இணையாக நடிப்பதில்லை என்றும் உறுதி பூண்டார். இந்த உறுதியைப் பதிவிரதைத் தன்மைக்குச் சான்றாகப் போற்றுவது நம்மவர் வழக்கம். எனக்கு அது போதவில்லை. கைம்பெண்ணை வீட்டின் இருண்ட மூலைக்குள் தள்ளிய அதே சமூகத்தின் முன்னே, அந்த வெள்ளாடையோடு விளக்கொளியில் வந்து நின்று, தன் குரலுக்குத் தானே விலை சொன்னவர் அவர். 1935இல் ‘நந்தனார்’ படத்துக்கு அழைப்பு வந்தபோது, மறுக்கும் எண்ணத்தோடு ஒரு இலட்சம் ரூபாய் கேட்டார் என்றும், தயாரிப்பாளர் அதற்கு இசைந்துவிட்டார் என்றும் சொல்வார்கள். அன்றைய நிலையில் அது மலைக்க வைக்கும் தொகை. அப்படத்தில் அவர் நந்தனாராகவே, ஆண் வேடத்தில் நடித்தார். மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராக நடித்தார். படத்தைக் கல்கி கடுமையாகவே விமர்சித்தார். ஆயினும் அந்தக் குரலைக் குறைசொல்ல எவராலும் இயலவில்லை.

அதன் பின்னர் அவர் ஏற்ற வேடங்களை வரிசைப்படுத்திப் பாருங்கள். 1940இல் மணிமேகலை: தன்னை விரும்பும் இளவரசனை விலக்கித் துறவு பூண்டவள். 1953இல் ஔவை: கதைப்படி, திருமணத்தைத் தவிர்க்க விநாயகரிடம் வேண்டித் தன் இளமையையே முதுமையாக மாற்றிக்கொண்டவள். 1964இல் ‘பூம்புகார்’ படத்தில் கவுந்தியடிகள்: சிலப்பதிகாரத்தில் வரும் சமணத் துறவி. 1973இல் காரைக்கால் அம்மையார்: கணவனே காலில் விழுந்து வணங்கிய பின், அழகுடம்பை உதறிப் பேயுருக் கொண்டவர். இளமையைத் தாமே கழற்றி வைத்த பெண்கள் இவர்கள். தமிழ்த் திரை அவருக்கு வேறு வேடம் தரத் துணியவில்லை. அவரும் வேறு வேடம் நாடவில்லை. ஔவையாக வந்தபோது அவருக்கு நாற்பத்தைந்து வயதுகூட நிறைந்திருக்கவில்லை.

இங்கே நம் தகடூருக்கு வருகிறேன். புறநானூற்று ஔவை யார்? எண்பத்தொன்பதாம் பாட்டில் பகை மன்னன் ஒருவன், ‘மையுண்ட கண்ணும் ஒளி பொருந்திய நெற்றியும் உடைய விறலியே (ஆடிப் பாடும் கலைப்பெண்ணே), உங்கள் நாட்டில் போர்வீரர்கள் இருக்கிறார்களா?’ என்று கேட்க, அவனுக்கு அதியனின் வீரத்தை எடுத்துச் சொல்கிறாள். தொண்டைமான் என்ற மன்னனின் படைக்கலக் கொட்டிலில் நெய் பூசி மாலை சூட்டி வைத்த ஆயுதங்களையும், பகைவரைக் குத்தி முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கும் அதியனின் வேல்களையும் ஒப்பிட்டுப் பாடுகிறாள். அதியன் இறந்தபோது, கள் சிறிதளவே கிடைத்தால் எமக்குத் தருவான், மிகுதியாகக் கிடைத்தால் யாம் பாடத் தானும் மகிழ்ந்து உண்பான் என்று அழுகிறாள். ஆத்திசூடி பாடிய ஔவை பல நூற்றாண்டுகள் பிற்பட்டவர். அவர்கள் அனைவரையும் ஒரே மூதாட்டியாக்கிய மரபு, மன்னனோடு சரிசமமாக அமர்ந்து பாடிய அந்தக் கலைமகளை நரைமுடிக்குள் மறைத்துவிட்டது. கொழும்பு மேடையில் வள்ளியாகச் சிரித்து நின்ற சுந்தராம்பாளையும் அதே நரைமுடிதான் மறைத்தது. இவ்விருவரையும் மீட்டுக் காண வேண்டும் என்பதே இன்று நான் உங்கள் முன் வைக்கும் வேண்டுகோள்.

அவருடைய அரசியலும் இதே துணிவிலிருந்து வந்தது. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியின் அழைப்பை ஏற்றுக் காங்கிரஸ் மேடைகளில் பாடினார். மதுரகவி பாஸ்கரதாஸின் தேசியப் பாடல்கள் அவர் குரலில் இசைத்தட்டுகளாகப் பரவின. பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவாவின் நினைவைப் போற்றும் நமக்கு, தலைவர்களின் பேச்சு எட்டாத செவிகளை அந்தப் பாடல்கள் எட்டிய விதத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை. 1951இல் சென்னைச் சட்ட மேலவையின் உறுப்பினரானார். ‘பூம்புகார்’ படத்தில் தெய்வத்தை வினவும் ஓர் அடியைப் பாட அவர் தயங்க, வசனம் எழுதிய கலைஞர் கருணாநிதி அவருக்காக அதை மாற்றிக் கொடுத்தார் என்பார்கள். கொள்கையால் எதிரெதிரே நின்ற இருவர் ஒருவரையொருவர் மதித்த செய்தியாகவே அதனை நான் கொள்கிறேன்.

பின்னர் 1965இல் ஏ. பி. நாகராஜனின் ‘திருவிளையாடல்’. சினந்து மலையேறிய பால முருகன் முன்னே மீண்டும் ஔவையாக நின்று ‘பழம் நீயப்பா’ என்று அவர் தொடங்குகிறார். 1969இல் வந்த ‘துணைவன்’ படப் பாடலுக்குச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அறுபதைக் கடந்த அவரைத் தேடி வந்தது, 1970இல் பத்மஸ்ரீ. 1980இல் மறைந்தார்.

அந்தத் ‘திருவிளையாடல்’ பாட்டை இன்று வீடு திரும்பியதும் கூர்ந்து கேளுங்கள். முகத்தருகே ஒலிவாங்கி இருந்த காலம் அது. மெல்ல முணுமுணுத்தாலே போதும். அவரோ ஒவ்வொரு சொல்லையும் முழு மூச்சில், எழுத்துச் சிதையாமல், தொலைவில் அமர்ந்திருக்கும் எவருக்கோ எட்ட வேண்டும் என்பதுபோல் வீசுகிறார். கே. வி. மகாதேவன் வாத்தியங்களை ஒதுக்கி அந்த வீச்சுக்கு வழிவிட்டிருக்கிறார். ‘ஞானப் பழம்’ என்று குரல் மேலே ஏறும் இடத்தில், படத்தில் நிற்பவர் மூதாட்டிதான். பாடுபவரோ கிட்டப்பாவோடு விடிய விடியப் போட்டியிட்டு நின்ற வள்ளி.

நன்றி, வணக்கம்.