முதல் கேட்டமரன்: எதைப் பார்த்து வாங்குவது?

நேயர்களுக்கு வணக்கம். ஆஸ்திரேலியாவின் கடலோர நகரங்களில் வாழும் நம்மவர்களில் சிலருக்கு, கோடைக்காலத்தில் வண்ணப் பாய்களை விரித்துக்கொண்டு அலைமேல் சீறிச் செல்லும் சிறு படகுகளைப் பார்க்கும்போது, நாமும் ஒன்று வாங்கி ஓட்டினால் என்ன என்ற ஆசை எழுகிறது. அந்த ஆசை உள்ளவர்களுக்காகவே இன்று பேசுகிறேன். நான் சொல்லப்போவது நீரில் மிதக்கும் இரண்டு குறுகிய படகு உடல்களைக் குறுக்குச் சட்டங்களால் இணைத்து, நடுவே டிராம்போலின் என்ற இறுக்கமான துணியைக் கட்டி, மணற்கரையிலிருந்தே நீரில் இறக்கும் கேட்டமரன்களைப் பற்றி. சோழமண்டலக் கரையில் மரங்களைப் பிணைத்துச் செய்யும் நமது கட்டுமரம் அமைப்பில் வேறானது. படுக்கையறையும் சமையலறையும் கொண்ட பெரிய கேட்டமரன்கள் இந்த உரையில் இடம்பெறவில்லை.

முதல் படகு வாங்க வருபவர்கள் பெரும்பாலும் அது எவ்வளவு வேகமாகப் போகும் என்றுதான் கேட்கிறார்கள். வேகத்தைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். நல்ல காற்றில் எந்தக் கேட்டமரனும் புதியவருக்குப் போதும் போதும் என்னும் அளவுக்கு ஓடும். நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது, வாரந்தோறும் தவறாமல் உங்களுடன் படகில் ஏறப்போவது யார், உங்கள் எல்லோருடைய எடையும் சேர்ந்து எவ்வளவு என்பதுதான். படகின் நீளம், பாயின் பரப்பு, விலை ஆகிய எல்லாவற்றையும் இந்த ஒரு கேள்விக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இதற்குக் காரணம் உண்டு. ஒற்றை உடல் கொண்ட சிறு படகு காற்றுக்குச் சாயத் தொடங்கும்போதே நமக்கு எச்சரிக்கை தந்துவிடும். கேட்டமரனின் உடல்கள் இரண்டும் விலகி நிற்பதால் அது நெடுநேரம் சாயாமல் உறுதியாக நிற்கிறது. காற்று மிகும்போது ஒரு பக்கத்து உடல் நீரை விட்டு மேலே எழுகிறது. ஒரு கட்டத்தைத் தாண்டியதும் படகு விரைந்து கவிழ்ந்துவிடுகிறது. கவிழ்வது பெரும்பாலும் ஆபத்தல்ல, அது இந்த விளையாட்டின் ஒரு பகுதி. ஆனால் கவிழ்ந்த படகு தானாக நிமிராது. அதை நிமிர்த்துவதற்கு நம்மிடம் உள்ள ஒரே கருவி நமது உடல் எடை.

நிமிர்த்தும் முறையைச் சற்று விளக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் எந்தப் படகை வாங்குவது என்பதை இதுதான் முடிவு செய்கிறது. முதலில் பாயை இழுத்துப் பிடித்திருக்கும் கயிறுகளைத் தளர்த்திவிட வேண்டும். பிறகு நீரில் கிடக்கும் படகு உடலின் முன்பகுதிக்கு நகர்ந்து, படகின் முனை காற்றுவரும் திசையை நோக்கித் திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். அதன்பின் மேலே நிற்கும் உடலின்மீது போட்ட தடித்த கயிற்றைப் பற்றிக்கொண்டு, கீழுள்ள உடலில் கால்களை ஊன்றி, முழங்காலை மடக்காமல் முதுகைத் தண்ணீர்ப்பக்கம் சாய்க்க வேண்டும். சில நொடிகளுக்கு எதுவும் நடக்காததுபோல் இருக்கும். பாயில் தேங்கிய நீர் வடிய, அதன் அடியில் காற்று நுழைந்ததும் பாய்மரம் மெல்ல மேலெழும். பிறகு மேலுள்ள உடல் தலைக்கு நேராக வேகமாக இறங்கும். அந்த நேரத்தில் குறுக்குச் சட்டத்தை எட்டிப் பிடித்துக்கொள்ளாவிட்டால், நிமிர்ந்த படகு நம்மை விட்டுவிட்டுப் போய்விடக்கூடும்.

இப்போது உலகெங்கும் மிகுதியாக விற்ற ஹோபி 16 என்ற படகை எடுத்துக்கொள்வோம். கலிபோர்னியாவில் அலைச்சறுக்குப் பலகைகள் செய்து பெயர் பெற்ற ஹோபி ஆல்டர் 1968-இல் ஹோபி 14 என்ற ஒருவர் படகை வெளியிட்டார். அதையடுத்து வந்த இருவர் படகுதான் ஹோபி 16. இன்றுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படகுகள் கட்டப்பட்டிருப்பதால், பழைய படகு சந்தையில் இது எளிதாகக் கிடைக்கிறது, உதிரிப் பாகங்களுக்கும் பஞ்சமில்லை. நீளம் சுமார் 5 மீட்டர், எடை ஏறத்தாழ 145 கிலோ, பாய்மரத்தின் உயரம் 8 மீட்டர். இதை நிமிர்த்த ஏறக்குறைய 135 கிலோ எடை கயிற்றில் தொங்க வேண்டும். வளர்ந்த இருவருக்கு இது இயலும். 70 கிலோ எடையுள்ள ஒருவர் தனியாகப் போனால், நீர் நிரப்பித் தோளில் மாட்டும் பை போன்ற துணைக்கருவி இல்லாமல், பெரும்பாலும் இயலாது. வாரக்கடைசியில் துணைக்கு யாரும் வராமல் தனியாகக் கிளம்பும் பழக்கம் உங்களுக்கு வந்துவிடும் என்று தோன்றினால், ஹோபி 16 எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அதை விட்டுவிடுங்கள்.

அப்படிப்பட்டவருக்கு ஏறத்தாழ 4 மீட்டர் நீளப் படகுகள் ஏற்றவை. ஹோபி 14 சுமார் 109 கிலோ எடை, ஒரே பாய். நியூசிலாந்தில் ரான் கிவன் வடிவமைத்த பேப்பர் டைகர் இன்னும் இலேசானது. ஆனால் அது பந்தயக்காரர்களின் படகு, மென்மையாகக் கையாள வேண்டியது. குழந்தைகளை ஏற்றிக்கொண்டு மாலைப்பொழுதைக் கழிக்க விரும்பும் பெற்றோருக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது ஹோபி வேவ் போன்ற, பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன படகுகளைத்தான். அதில் பாயின் அடியோரத்தைப் பிடித்திருந்து, பாய் திரும்பும்போது தலையில் இடிக்கும் கீழ்ச்சட்டம் இல்லை. பாறையில் உரசினாலும் எளிதில் உடையாது. பாய்மர உச்சியில் மிதவை இருந்தால் கவிழ்ந்தாலும் தலைகீழாகப் புரண்டுவிடாது. பந்தயக்காரர்கள் இதை மந்தமான படகு என்பார்கள். அந்தச் சொல்லைப் பொருட்படுத்தாதீர்கள். முதல் இரண்டு கோடைகளில் கற்க வேண்டியவற்றை எல்லாம் இதிலேயே கற்றுவிடலாம்.

எடைக்கு அடுத்தபடியாக, எந்த நீரில் ஓட்டப்போகிறீர்கள் என்பதைப் பார்க்க வேண்டும். பெர்த்தில் ஸ்வான் ஆறு மறைவான நீர்ப்பரப்பு. ஆயினும் கோடைப் பிற்பகலில் ஃப்ரீமேண்டல் டாக்டர் என்ற கடற்காற்று வந்துவிட்டால், காலையில் சாதுவாக இருந்த நீர் ஒரு மணி நேரத்தில் வேறு முகம் காட்டும். மெல்பர்னின் போர்ட் பிலிப் விரிகுடா ஆழம் குறைந்தது. பலத்த காற்றில் அங்கே குட்டையான, செங்குத்தான அலைகள் நெருக்கமாக எழும். ஹோபி 16-இன் மெலிந்த முனைகள் காற்றின் போக்கில் ஓடும்போது அத்தகைய அலைக்குள் செருகிக்கொள்ளும். அப்போது படகு முன்புறமாகக் குட்டிக்கரணம் அடிக்கும். எடையைப் பின்னால் நகர்த்தி இதைத் தவிர்க்கலாம். ஆனால் அதற்குப் பழக்கம் வேண்டும். பருத்த முனைகள் கொண்ட படகு, கற்றுக்கொள்பவரின் பிழையை இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்.

பழைய ஃபைபர் கிளாஸ் படகைப் பார்க்கப் போகிறவர்கள் பாயின் நிறத்தில் மயங்கிவிடாமல், முதலில் மேல்தளத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஹோபி 16-இன் உடல் இரண்டு மெல்லிய ஃபைபர் தகடுகளுக்கு நடுவே நுரைப் பலகை வைத்து ஒட்டியது. வெயிலிலும் ஈரத்திலும் ஆண்டுக்கணக்கில் கிடக்கும்போது அந்த ஒட்டு விட்டுப்போகிறது. பாய்மரத்தைத் தாங்கும் பக்கக் கம்பிகள் பிணைக்கப்பட்ட இடத்தில் தொடங்கி, முனையை நோக்கி நான்கு விரல் இடைவெளியில் இரு கட்டைவிரல்களாலும் அழுத்திக்கொண்டே போங்கள். நல்ல தளம் கல்லைப்போல் இருக்கும். உள்வாங்கினாலோ, முறுகிய அப்பளத்தின் ஒலி எழுந்தாலோ, அந்தப் படகை விற்பவர் எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் வாங்காமல் திரும்பிவிடுவதே நல்லது. பிசின் செலுத்தி ஒட்ட முடியும் என்பது உண்மைதான். முதல் படகு வாங்குபவர் தொடங்க வேண்டிய வேலை அதுவல்ல.

பிறகு படகின் அடியைப் பாருங்கள். இந்தப் படகுகள் மணலில் இழுக்கப்படுவதால் அடிப்பகுதி தேய்ந்திருக்கும். ஃபைபர் இழை வெளியே தெரிந்தால் அதற்கு விலையில் கழிவு கேளுங்கள். உடலின் பின்புற அடைப்பைத் திறந்து நீர் வடிகிறதா என்று காணுங்கள். ஒரு முனையைத் தூக்கி ஆட்டும்போது மறு உடல் உடனே கூட வர வேண்டும். தாமதித்து வந்தால் சட்டங்களும் இணைப்புகளும் தளர்ந்திருக்கின்றன. சுக்கானும் அவ்வாறே, கைப்பிடியை அசைத்தால் உடனே திரும்ப வேண்டும். பக்கக் கம்பியில் ஓர் இழை அறுந்திருந்தாலும் முழுக் கம்பியையும் மாற்றியாக வேண்டும், ஏனெனில் ஓடும்போது அது அறுந்தால் பாய்மரம் படகிலிருப்பவர்கள்மேல் விழும். டிராம்போலின் தையல்களை நகத்தால் கீறிப் பாருங்கள். வெயிலில் இற்றுப்போன நூல் உடனே உதிரும். டிரெய்லரின் பதிவையும் சக்கரத் துருவையும் பார்ப்பதற்கு அதிக நேரம் ஆகாது, ஆனால் பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

படகை விற்பவரிடம் பாய்மரத்தை நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள். கரையில் அதைத் தூக்குவதற்கே இருவர் தேவைப்படும் என்பது அப்போதுதான் புரியும். நிறுத்துவதற்கு முன்பாகத் தலைக்குமேல் மின்கம்பி உண்டா என்று பார்ப்பதை ஒருபோதும் விடக்கூடாது. அலுமினியப் பாய்மரம் மின்கம்பியைத் தொட்டு உயிர்கள் போயிருக்கின்றன. அதனால்தான் அமெரிக்காவில் விற்கப்படும் ஹோபி படகுகளின் பாய்மர மேற்பகுதி மின்சாரம் கடத்தாத பொருளால் செய்யப்படுகிறது. நீங்கள் வாங்கும் படகில் அது இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள்.

பணம் கொடுப்பதற்கு முன், உங்கள் பகுதிப் படகு மன்றத்தில் அதே வகைப் படகு வைத்திருப்பவரிடம் கேட்டு ஒருநாள் அவரோடு ஏறுங்கள். காற்று அடங்கிய காலையில், கரையருகே, லைஃப் ஜாக்கெட் அணிந்து, வேண்டுமென்றே அதைக் கவிழ்த்து, உங்கள் வீட்டார் மட்டும் சேர்ந்து நிமிர்த்திப் பாருங்கள். நிமிர்த்த முடிந்தால் விலை பேசலாம். முடியாவிட்டால் அடுத்த சிறிய அளவுக்கு இறங்குங்கள். கோடை முடிந்து படகுகளைக் கொட்டகையில் ஏற்றும் இலையுதிர்காலத்தில்தான் பழைய படகுகள் குறைந்த விலைக்கு விற்பனைக்கு வருகின்றன. ஆகவே பொறுத்திருந்து தேடலாம். வணக்கம்.