பெற்றோரின் பணமும் பிள்ளைகளின் பொறுப்பும்

அவையோருக்கு வணக்கம்.

பென்ஷன் வாங்கும் அப்பாவிடமோ, அவருக்குப் பிறகு குடும்பப் பென்ஷன் வாங்கும் அம்மாவிடமோ, "இனிமே உங்க பணத்தை நான் பார்த்துக்கறேன்" என்று எந்தப் பிள்ளையும் பேச்சை ஆரம்பிக்கக் கூடாது. எவ்வளவு அன்போடு சொன்னாலும், "உங்களுக்கு இனி விவரம் போதாது" என்றுதான் அது அவர்கள் காதில் விழும். அன்றே பாஸ்புக் பீரோவுக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும்.

கேட்க வேண்டியது வேறு. "அப்பா, திடீர்னு உங்களை ஆஸ்பத்திரியில சேர்க்க வேண்டி வந்தா, அட்வான்ஸ் கட்ட எந்தக் கணக்கிலேருந்து எடுக்கணும்? உங்களைத் தவிர யாரால எடுக்க முடியும்?" இப்படிக் கேட்டால் முடிவெடுப்பவர் அவரேதான். அதற்கு முன், நம் கணக்கில் நாமினி யார், நம் இன்சூரன்ஸ் பாலிசி எங்கே இருக்கிறது என்று நாம் சொல்லிவிட வேண்டும். தீபாவளிக்குச் சொந்தமெல்லாம் கூடியிருக்கும்போது இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். மாப்பிள்ளை, மருமகள் முன்னால் கணக்கு விவரம் சொல்ல யாருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும்.

அவர் சம்மதித்ததும் முதலில் பார்க்க வேண்டியது பாஸ்புக்கின் முதல் பக்கம். மீதித் தொகையை விட்டுவிடுங்கள். அந்தப் பக்கத்தில் நாமினி பதிவாகியிருக்கிறதா, கணக்கை இயக்குபவர் யார் என்ற இரண்டை மட்டும் பாருங்கள். பழைய கணக்குகளில் நாமினி காலியாக இருக்கும், அல்லது காலமாகிவிட்ட ஒருவர் பெயரே இன்னும் இருக்கும். 2025 நவம்பர் 1 முதல் ஒரு டெபாசிட்டுக்கு நான்கு நாமினி வரை, யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுதித் தரலாம். நாமினி என்பவர் கணக்குக்குரியவர் காலமானபின் பணத்தை வங்கியிலிருந்து பெற்றுக்கொள்பவர்தான். அதில் வாரிசுகளின் உரிமை அப்படியே இருக்கிறது. இதைச் சகோதரர்களுக்குள் முன்பே தெளிவாகப் பேசிக்கொண்டால் பின்னால் பெரிய மனஸ்தாபங்கள் வராது.

அடுத்தது, கணக்கை இயக்கும் முறை. ஏ.டி.எம். கார்டையும் பின் நம்பரையும் பிள்ளை வாங்கி வைத்துக்கொள்வதுதான் நம் வீடுகளில் வழக்கம். அது வங்கி விதிக்கு முரண். நாளைக்கு ஏதாவது தவறு நடந்தால் "பின் நம்பரை நீங்களே கொடுத்தீர்கள்" என்று வங்கி கைகழுவிவிடும். அதற்குப் பதில் கிளையில் மேண்டேட் கடிதம் கொடுக்கலாம். பணம் அப்பாவுடையதாகவே இருக்கும், பிள்ளை அவர் சார்பில் இயக்கலாம், அப்பா நினைத்தால் ரத்து செய்யலாம். கூட்டுக் கணக்கு என்றால் இரண்டு வகையைப் பிரித்தறியுங்கள். "ஈதர் ஆர் சர்வைவர்" என்றால் இருவரில் யார் வேண்டுமானாலும் இன்றே எடுக்கலாம். "ஃபார்மர் ஆர் சர்வைவர்" என்றால் முதல் பெயருக்குரியவர் இருக்கும்வரை அவர் மட்டுமே எடுக்க முடியும். தயங்கும் பெற்றோருக்கு இரண்டாவது நிம்மதி தரும், ஆனால் ஆஸ்பத்திரி அவசரத்துக்கு உதவாது.

ஃபிக்ஸட் டெபாசிட்டில் இன்னொரு சிக்கல். "ஈதர் ஆர் சர்வைவர்" என்று இருந்தாலும், முதிர்வுக்கு முன்னால் முறிக்க இருவர் கையெழுத்தும் வேண்டும். ஒருவர் காலமானபின் மற்றவர் முறிக்க வேண்டுமானால், அதற்கான சம்மதத்தை இருவரும் முன்பே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மற்ற வாரிசுகளின் ஒப்புதலைத் தேடி அலைய வேண்டியதுதான். டெபாசிட் போடும் அன்றே அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள்.

பவர் ஆஃப் அட்டர்னி இருந்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் அந்த அதிகாரம் முடிந்துவிடும் என்பதுதான் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவு. எந்த நாளில் அது மிகவும் தேவைப்படுமோ, அன்றைக்கு அது செல்லாது. மறதி நோய் முற்றியபின் பாதுகாவலராக நியமிக்கச் சொல்லி நீதிமன்றப் படி ஏற வேண்டும். ஆகவே இந்தப் பேச்சைத் தள்ளிப்போடாதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். கை நடுங்கிக் கையெழுத்து மாறுவது மட்டும் வேறு விஷயம். அதற்கு வழி இருக்கிறது: வங்கி அதிகாரி ஒருவர் உட்பட இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கைரேகை வைத்துப் பணம் எடுக்கலாம். 70 வயது கடந்தவர்களுக்கு வீட்டுக்கே வந்து சேவை தரும்படி ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. உங்கள் கிளையில் கேளுங்கள்.

இனி மோசடிக்கு வருவோம். பென்ஷன் வரும் கணக்கில் யு.பி.ஐ. வேண்டாம். தனியாக ஒரு சிறிய கணக்கு, அதில் ஒரு மாதக் காய்கறி, மருந்துக்கான தொகை, போனில் அது மட்டும் போதும். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையையும் ஆன்லைன் பரிவர்த்தனையையும் நிறுத்திவைக்கலாம். வங்கிச் செயலி இருந்தால் பிறர் கணக்குக்கு அனுப்பும் தினசரி வரம்பைக் குறையுங்கள். மோசடிக்காரர்கள் செயலிக்குள் நுழைந்துவிட்டால் டெபாசிட்டையும் முறித்து அனுப்பிவிடுகிறார்கள். அந்த வரம்புதான் அங்கே தடுப்பு. ஆதார் கைரேகையைப் பூட்டிவைப்பதும் நல்லது. ஆனால் ரேஷன் கடைக்குப் போகும்போது திறக்காவிட்டால் அங்கே ரேகை எடுக்காது. திறக்க ஓ.டி.பி. வரும் போன் யாரிடம் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பூட்டுங்கள்.

மோசடிக்காரன் வீடியோ அழைப்பில் போலீஸ் சீருடையோடு வந்து "உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம், அறையை விட்டு வெளியே வராதீர்கள், யாரிடமும் சொல்லாதீர்கள்" என்பான். இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. "யாரிடமும் சொல்லாதே" என்ற சொல் வந்ததும் போனை வைத்துவிட்டுப் பிள்ளையைக் கூப்பிட வேண்டும் என்று அம்மாவிடம் ஒருமுறை சொன்னால் போதாது. உட்கார்ந்து இரண்டு மூன்று முறை பேசிப் பழக்குங்கள்.

அதையும் மீறிப் பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். பணம் கணக்கு கணக்காக மாறி வெளியே எடுக்கப்படுவதற்குள் தகவல் போனால்தான் முடக்க முடியும். மணிக்கணக்கில் தாமதித்தால் பயனில்லை. வங்கிக்கும் அப்போதே சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். நாமே ஓ.டி.பி. சொல்லிப் போன பணமாக இருந்தாலும், வங்கியிடம் தெரிவித்தபின் நேரும் இழப்பு வங்கியையே சேரும் என்பது ரிசர்வ் வங்கி 2017இல் வகுத்த விதி. பெரியவர்கள் ஏன் தாமதிக்கிறார்கள் தெரியுமா? பிள்ளை திட்டுவானே என்ற பயம். "எவ்வளவு போனாலும் ஒரு வார்த்தை திட்ட மாட்டேன், உடனே சொல்லுங்க" என்று இன்றே வாக்குக் கொடுங்கள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள்.

வீட்டை எழுதிவைக்கும் விஷயத்தை இதோடு கலக்கவே கலக்காதீர்கள். கலந்தால் மேலே சொன்ன எல்லாமே சொத்துக்கு அடிபோடுவதாகத் தெரியும். பெற்றோரே தான செட்டில்மென்ட் செய்ய விரும்பினால், தங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். 2007ஆம் ஆண்டு பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவில் அந்தப் பத்திரத்தை ரத்து செய்ய அந்த நிபந்தனை அவர்களுக்குத் துணை நிற்கும்.

கடைசியாக, கணக்கைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்கு ஒன்று. மாதாமாதம் ஸ்டேட்மென்ட்டை முதலில் அப்பா அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் சம்மதத்தோடு அண்ணன், தங்கைக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். 500 ரூபாய் மருந்துச் சீட்டானாலும் போட்டோ எடுத்துச் சேர்த்து அனுப்புங்கள்.